காப்பாருக்கு என்ன எண்?

இந்த வாரம் முழுக்க மனம் குளிர்ந்து போயிருக்கிறேன். பக்கத்து வீட்டுப் பையன் கேட்ட ஒரு கேள்விதான் காரணம். இரண்டாம் படிவம் படிக்கிறான். தாத்தாவோடு கிழக்குக்கரை ரயிலைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தவன், வேலிக்கு இந்தப் பக்கம் நின்ற என்னைப் பார்த்து, "அங்கிள், நம்ம காப்பார் ஸ்டேசனுக்கு என்ன நம்பர் குடுப்பாங்க?" என்றான்.

அந்தப் பாதை நம் ஊர் வழியாக வருகிறது என்று முடிவானதிலிருந்து என்னிடம் பலர் பலதும் கேட்டுவிட்டார்கள். நில விலை ஏறுமா, எந்தத் தோட்டத்தை எடுப்பார்கள், ஸ்டேசனில் நம் பிள்ளைகளுக்கு வேலை கிடைக்குமா. எல்லாம் நியாயமான கேள்விகள்தான். எண்ணைப் பற்றிக் கேட்டவன் இவன் ஒருவன். அன்று ராத்திரி சோறு கூடுதலாகவே இறங்கியது.

சேதி எல்லாரும் அறிந்ததுதான். கோத்தா பாருவில் தொடங்கி கிள்ளான் துறைமுகம் வரை 665 கிலோமீட்டர், 20 நிலையங்கள். கோம்பாக், செரண்டா, பூஞ்சாக் ஆலாம் தாண்டினால் காப்பார். அடுத்தது ஜாலான் கஸ்தாம். கோம்பாக் வரை 2027 தொடக்கத்தில் ரயில் ஓடும், மிச்சப் பகுதி அதற்கு அடுத்த ஆண்டு என்று அறிவித்திருக்கிறார்கள். இதுவரை நம் ஊருக்கு உள்ள எண்கள் இவைதாம்: அஞ்சல் குறியீடு 42200, நாடாளுமன்றத் தொகுதி பி109, கிள்ளானிலிருந்து கோல சிலாங்கூர் போகும் கூட்டரசு சாலை 5. இனி ரயில்காரர்களும் ஓர் எண் தருவார்கள். அந்த ரயில் பாதையின் வரவு செலவைப் பற்றித்தான் இந்த வாரம் எழுதுவதாக ஆசிரியரிடம் சொல்லியிருந்தேன். அது அடுத்த மாதமும் இருக்கும். பையனுக்குப் பதில் சொல்லி முடிப்பதுதான் இப்போது அவசரம்.

நிலையத்துக்கு ஓர் எண் உண்டு, ரயிலுக்கு ஓர் எண் உண்டு. இரண்டும் வேறு. நிலைய எண் சுலபமானது. கிள்ளான் ஸ்டேசன் பலகையில் கேடி14 என்று போட்டிருக்கும், நம்மில் எத்தனை பேர் பார்த்திருக்கிறோமோ. கேஎல் சென்ட்ரல் கேஏ01. அங்கிருந்து கிள்ளான் பக்கம் பிரியும் பாதையில் அப்துல்லா ஹுக்கும் கேடி01, ஷா ஆலாம் கேடி11, கிள்ளான் கேடி14, கடைசியில் போர்ட் கிள்ளான் கேடி19. பத்துமலை கேசி05. மலாயும் தெரியாத, ஆங்கிலமும் தெரியாத ஒருவர், பேரப்பிள்ளை எழுதிக் கொடுத்த சீட்டை வைத்துக்கொண்டு பத்துமலைக்குச் சரியாகப் போய் இறங்கலாம். மனிதர்களை நினைத்துச் செய்த ஏற்பாடு இது. எனக்கு இதில் முழுத் திருப்தி. காப்பாருக்கும் ஏதோ ஓர் எழுத்தும் எண்ணும் கிடைக்கும், பலகையில் ஏறும்.

ரயில் எண்தான் விஷயம்.

பையனிடம் முதலில் ஒன்றைச் சொன்னேன். எஞ்சினுக்கு ஓர் எண் இருக்கிறது, பெட்டிக்கு ஓர் எண் இருக்கிறது. ரயில் எண் என்பது இரண்டில் எதற்கும் உரியதில்லை. பயணத்துக்கு உரியது. இன்ன ஊரில் இன்ன நேரம் புறப்பட்டு, இன்னின்ன ஊரில் நின்று, இன்ன ஊரில் முடிகிற ஓர் ஏற்பாட்டுக்குத்தான் அந்த எண். எஞ்சினை மாற்றினாலும் பெட்டிகளை முழுக்க மாற்றினாலும் எண் மாறாது. அவனுக்கு உடனே பிடிபடவில்லை. தமிழ்நாடு எக்ஸ்பிரஸைச் சொன்னேன். சென்னையிலிருந்து டில்லிக்கு 12621. ராத்திரி பத்து மணிக்குப் புறப்படும். போய்ச் சேர ஒன்றரை நாளுக்குக் கொஞ்சம் குறையப் பிடிக்கும். மறுநாள் ராத்திரி பத்துக்கு அடுத்த 12621 சென்னையில் கிளம்பும்போது முதல் 12621 இன்னும் டில்லியை எட்டியிருக்காது. ஒரே எண்ணில் இரண்டு ரயில், ஒரே பாதையில், ஒரே சமயத்தில். ரயில்காரர்கள் குழம்புவதில்லை, புறப்பட்ட தேதியையும் சேர்த்துத்தான் எண்ணைச் சொல்வார்கள். பையன் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "அப்ப நம்பர்னா அது டைம்டேபிள்ல உள்ள லைன்" என்றான். அவ்வளவுதான். கால அட்டவணையில் அது ஒரு வரிசை.

கால அட்டவணை என்று சொல்லிவிட்டான். இந்தப் பத்தியைத் தொடர்ந்து படிப்பவர்களுக்கு அந்தச் சொல்லுக்கு நான் எப்படி மயங்குவேன் என்று தெரியும். என் அலமாரியில் திருக்குறளுக்குப் பக்கத்தில் தெற்கு ரயில்வேயின் பழைய கால அட்டவணைப் புத்தகம் ஒன்று இருக்கிறது. தமிழ்நாடு போயிருந்தபோது ரயில் நிலையப் புத்தகக் கடையில் வாங்கியது. தூக்கம் வராத இரவில் அதைத்தான் எடுப்பேன். எழும்பூரில் விரலை வைத்தால் செங்கல்பட்டு, விழுப்புரம், விருத்தாசலம், திருச்சி, திண்டுக்கல் என்று விரல் இறங்கிக்கொண்டே போகும். பக்கவாட்டில் நகர்த்தினால் இன்னொரு ரயில், இன்னொரு நேரம். நாவல் படிப்பவர்கள் ஆளுக்கொரு பாத்திரத்தின் பின்னால் போகிறார்கள். நான் ஓர் எண்ணின் பின்னால் போகிறேன்.

அந்தப் புத்தகத்தில் எண்கள் நாலு இலக்கம். வைகை எக்ஸ்பிரஸ் 2635. ரயில்கள் பெருகி நாலு இலக்கத்துக்குள் அடங்காமல் போகவே, 2010 டிசம்பர் 20 முதல் இந்தியா முழுக்க ஐந்து இலக்கமாக்கினார்கள். வைகைக்கு முன்னால் ஓர் ஒன்று சேர்ந்து 12635 ஆயிற்று. இதைப் படிக்கத் தெரிந்துகொள்வது கஷ்டமே இல்லை. முதலில் வரும் 1 அல்லது 2 தொலைதூர ரயில். அடுத்த 2 அதிவிரைவு. மூன்றாவதாக நிற்கும் 6 தெற்கு வட்டாரம். கடைசி இலக்கம் ஒற்றைப்படை, அதனால் சென்னையிலிருந்து மதுரைக்குப் போகிறது. திரும்பி வருவது 12636. பாண்டியன் 12637, 12638. முதல் இலக்கம் 5 என்றால் பாசஞ்சர். 3, 4, 9 புறநகர் ரயில்கள். 6, 7 எஞ்சினைத் தனியாக மாட்டாமல் பெட்டியிலேயே மோட்டார் உள்ளவை. எண்ணைக் காதில் கேட்ட மாத்திரத்தில் ரயிலின் குலம் கோத்திரம் தெரிந்துவிடும்.

பூஜ்யத்தை மட்டும் தனியாகச் சொல்லவேண்டும். பொங்கலுக்கும் தீபாவளிக்கும் இங்கிருந்து ஊருக்குப் போகிறவர்கள் கவனித்துக்கொள்ளுங்கள்: 0 என்று தொடங்கினால் அது சிறப்பு ரயில். பல சிறப்பு ரயில்களில் கட்டணம் கூடுதல். கோவிட் காலத்தில் கிட்டத்தட்ட எல்லா ரயிலுக்கும் முன்னால் இந்தப் பூஜ்யத்தைப் போட்டார்கள். வைகைகூட 02635 ஆகிவிட்டது. 2021 நவம்பரில்தான் பழைய எண்களைத் திருப்பிக் கொடுக்க உத்தரவு வந்தது. பாசஞ்சர் ரயிலில் போகும் ஏழை பாழைகளுக்கு அப்போதும் விடிவில்லை. அவை சிறப்பு ரயில் என்ற பெயரிலேயே ஓடி, எக்ஸ்பிரஸ் கட்டணம் வாங்கின. பல இடங்களில் 2024 தொடக்கத்தில்தான் பழைய கட்டணம் திரும்பியது. ஒரு பூஜ்யம் எத்தனை கூலித் தொழிலாளியின் சட்டைப்பையில் கை வைத்தது பாருங்கள். எண்ணைப் படிக்கத் தெரிந்தவன் அன்றைக்கே கேள்வி கேட்டான். தெரியாதவன் கேட்ட காசைக் கொடுத்துவிட்டு ஏறினான்.

ஆகவேதான் எண்ணைச் சட்டை செய்யாதவர்களைப் பார்த்தால் எனக்குக் கோபம் வருகிறது. போன வருடமும் இதைப் பற்றிப் புலம்பியிருக்கிறேன், மறுபடியும் புலம்புகிறேன். பிள்ளைகள் அப்பா அம்மாவுக்கு ரயில் டிக்கெட் எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்புகிறார்கள். அனுப்பும்போது படத்தை வெட்டி, பெயரும் கோச்சும் சீட்டும் மட்டும் வைத்து, மேலே இருக்கும் ரயில் எண்ணைத் தூக்கி எறிந்துவிடுகிறார்கள். கேஎல் சென்ட்ரலில் ஒரு தம்பதியைப் பார்த்தேன். அறுபது தாண்டியவர்கள். பினாங்கில் மகள் வீட்டுக்குப் போகிறார்களாம். கையில் பலகாரப் பை.

"ஐயா, இது பட்டர்வொர்த் வண்டிதானே? ஈப்போ போகும்னு சொல்றாங்க."

"ஈப்போ ரெண்டு வண்டியும் போகுங்க. உங்க டிக்கெட்டுல நம்பர் என்ன?"

அம்மா போனை நீட்டினார். கோச் சி, இருக்கை 7. எண் இல்லை. நேரமும் இல்லை.

பாடாங் பெசார் போகும் ரயிலும் பட்டர்வொர்த் போகும் ரயிலும் புக்கிட் மெர்தாஜாம் வரை ஒரே தண்டவாளத்தில் போகின்றன. அங்கேதான் பிரிகின்றன. ஈப்போ இரண்டுக்கும் பொது. கோச் சி இரண்டிலும் உண்டு, ஏழாம் இருக்கையும் உண்டு. மகளுக்குப் போன் போட்டோம். முழு டிக்கெட் வந்தது: இஜி என்ற இரண்டு எழுத்து, பின்னால் ஒன்பதில் தொடங்கும் நாலு இலக்கம். இஜி என்றால் கோல்ட், இபி என்றால் பிளாட்டினம். எண்ணைப் பலகையோடு ஒப்பிட்டுப் பார்த்தோம். அவர்கள் வண்டிக்கு இன்னும் நாற்பது நிமிடம் இருந்தது. அந்த அம்மா எண்ணைக் கைக்குட்டையில் எழுதப் பேனா கேட்டார். டிக்கெட் வாங்கித் தரும் பிள்ளைகளே, கும்பிட்டுக் கேட்கிறேன், படத்தை வெட்டாதீர்கள்.

பிற நாட்டவர் எப்படிச் செய்கிறார்கள் என்று பையன் கேட்டான். பிரிட்டனில் நாலு எழுத்து: முதலில் ரயிலின் தரத்தைச் சொல்லும் ஓர் எண், பிறகு பெரும்பாலும் போகும் திசையைக் குறிக்கும் ஓர் எழுத்து, பிறகு இரண்டு எண். ஜப்பானில் தோக்கியோவை விட்டுப் போகும் புல்லட் ரயிலுக்கு ஒற்றைப்படை, தோக்கியோவுக்கு வருவதற்கு இரட்டைப்படை. சீனாவிலும் பெய்ஜிங்கை வைத்து அப்படியே. வளைந்து வளைந்து போகும் ரயில் பெய்ஜிங்கை நோக்கித் திரும்பினால் நடுவழியில் எண்ணே மாறும். நம் கிழக்குக்கரைப் பாதையைக் கட்டுவது சீன நிறுவனம், ஆதலால் நமக்கு எந்த முறை வரும் என்று பார்க்க எனக்கும் ஆவலாகத்தான் இருக்கிறது.

நம் நாட்டு எண்களில் எனக்குப் பிடித்தவை 26, 27. ஜொகூர் பாருவிலிருந்து தும்பாட் போகும் எக்ஸ்பிரஸ் ரக்யாட் திமூரான் 26, அங்கிருந்து திரும்புவது 27. கிமாஸ் தாண்டினால் ஒற்றைத் தண்டவாளம், மீட்டர் பாதை, காடு. வடக்கே போகும் 26-உம் தெற்கே வரும் 27-உம் நடுவழியில் ஒன்றையொன்று கடக்க வேண்டும். ஒன்று ஒரு ஸ்டேசனில் ஒதுங்கி நிற்க, மற்றது போகும். எது நிற்பது, எது போவது என்று யாரோ ஒருவர் எண்ணைச் சொல்லி, இன்னொருவர் எண்ணைக் கேட்டு, இருவரும் பதிவேட்டில் எழுதிய பிறகுதான் சக்கரம் உருளும். அந்தக் காலத்தில் டோக்கன் இருந்தது. அடுத்தடுத்த இரண்டு ஸ்டேசன்களில் மின்கம்பியால் இணைத்த இரண்டு பெட்டிகள். ஒரு பெட்டியிலிருந்து ஒரு டோக்கனை எடுத்துவிட்டால், அதை இரண்டில் ஒன்றில் திரும்பப் போடும்வரை வேறு டோக்கன் வெளியே வராது. டோக்கனைத் தோல் பையில் வைத்து, பெரிய வளையத்தில் கோத்து, ஸ்டேசன் மாஸ்டர் மேடையில் நின்று நீட்டுவார். ஓடுகிற எஞ்சினிலிருந்து டிரைவர் கையை விட்டு வாங்கிக்கொள்வார். கையில் டோக்கன் இல்லாமல் அந்தத் தண்டவாளத்தில் காலடி வைக்க முடியாது. சிங்கப்பூர் புக்கிட் தீமா ஸ்டேசனில் 2011 ஜூன் 30 வரை, அதாவது அங்கே தஞ்சோங் பகார் ஸ்டேசன் இயங்கிய கடைசி நாள் வரை, இந்தக் கைமாற்றம் நடந்தது.

அந்த வளையத்தை நீட்டிய கைகளில் எத்தனை தமிழ்க் கைகள்! தண்டவாளம் போட்ட தோளும் தமிழனுடையது. 1885-இல் தைப்பிங்கிலிருந்து போர்ட் வெல்டுக்கு முதல் ரயில், அடுத்த வருடம் கோலாலம்பூரிலிருந்து கிள்ளான் பக்கம் புக்கிட் கூடா வரை. பாதை போட்டுப் பராமரித்தவர்கள் தமிழ்நாட்டிலிருந்து வந்தவர்கள். மேசையில் உட்கார்ந்து பதிவேடு எழுதியவர்களில் பெரும்பாலோர் யாழ்ப்பாணத்திலிருந்து வந்தவர்கள். பிரிக்பீல்ட்ஸும் செந்தூலும் இவர்களால் ஊரானவை. 1915-இல் கட்டிய நூறு குவார்ட்டர்ஸ், செந்தூல் ரயில் பட்டறை, பிரிக்பீல்ட்ஸ் கந்தசாமி கோயில் எல்லாம் அந்த வரலாறுதான். இன்றைய கேஎல் சென்ட்ரல் நிற்கும் இடம் பெட்டிகளைப் பிரித்துக் கோத்த பழைய யார்டு.

பிரிக்பீல்ட்ஸில் ஓய்வுபெற்ற ஸ்டேசன் மாஸ்டர் ஒருவரைப் பார்க்கப் போயிருந்தேன். பெயர் போட வேண்டாம் என்றார். வயது தொண்ணூறை நெருங்குகிறது. பேரன் பெயர் சட்டென்று வாயில் வரவில்லை. ஆனால் அவர் பணியாற்றிய ஸ்டேசனை எந்த எண் எத்தனை மணிக்குக் கடக்கும் என்று காலை முதல் நள்ளிரவு வரை வரிசையாகச் சொன்னார். ஒரு சரக்கு ரயிலைச் சொல்லும்போது மட்டும் நிறுத்தி, "அது ஒருநாளும் நேரத்துக்கு வராது, தம்பி" என்றார். அந்தக் காலத்துப் பதிவேடு, பணியாளர் கால அட்டவணை ஏதாவது வைத்திருக்கிறீர்களா என்று கேட்டேன். வீடு மாறும்போது ஒரு பெட்டி நிறைய இருந்ததாம். பிள்ளைகள் பழைய பேப்பர் லோரிக்குக் கொடுத்துவிட்டார்களாம். "அவையளுக்கு அது என்னெண்டு தெரியாதுதானே" என்றார், கோபமே இல்லாமல். எனக்குத்தான் ஆறவில்லை. இன்னும் ஆறவில்லை.

ஏன் இத்தனை ஆத்திரம் என்று கேட்பீர்கள். ராமேஸ்வரம் பக்கம் போய் 653 என்று சொல்லிப் பாருங்கள். 1964 டிசம்பர் 22 ராத்திரி, பாம்பனிலிருந்து தனுஷ்கோடிக்குப் போன பாசஞ்சர் அது. புயலலை நூற்றுக்கும் மேற்பட்டவர்களோடு அதை இழுத்துக்கொண்டு போய்விட்டது. அறுபது வருடம் கழிந்தும் அந்தத் துயரத்துக்கு ஓர் எண் இருக்கிறது. எந்த ரயில், எங்கே புறப்பட்டது, எங்கே போகவேண்டியது என்று கேட்டால் பதில் இருக்கிறது.

நம் பக்கத்தில் சயாம் ரயில். 1942, 43-இல் இந்த நாட்டுத் தோட்டங்களிலிருந்து தமிழர்களைச் சரக்குப் பெட்டிகளில் அடைத்து வடக்கே கொண்டு போனார்கள். 415 கிலோமீட்டர் பாதை போட. அதற்கான தண்டவாளத்தையும் இங்கிருந்தே பிடுங்கினார்கள். மலாக்காவுக்குப் போன கிளைப் பாதை அப்படித்தான் போயிற்று, தும்பாட் போகும் பழைய கிழக்குக்கரைப் பாதையில் பெரும் பகுதியும் போயிற்று. 1943 அக்டோபர் 17-இல் கொன்கொய்தாவில் இரண்டு முனையும் சேர்ந்தன. திறப்பு விழாவில் ஓடிய எஞ்சினின் எண் சி5631. அந்த எஞ்சின் இன்று தோக்கியோவில், யாசுகுனி கோயிலின் அருங்காட்சியகத்தில், துடைத்து மெருகிட்டு நிற்கிறது. எண் பலகையும் அதிலேயே இருக்கிறது. அந்தப் பாதையில் செத்த நம் ஆட்கள் எத்தனை பேர் என்றால் ஆளுக்கொரு கணக்கு. பல்லாயிரம் என்பதில் மட்டும் யாருக்கும் சந்தேகம் இல்லை. ஆர். சண்முகத்தின் 'சயாம் மரண ரயில்', அ. ரெங்கசாமியின் 'நினைவுச் சின்னம்' என்று நம் நாவலாசிரியர்கள் எழுதி வைத்ததால் கதை பிழைத்தது. எந்தத் தோட்டத்து ஆள் எந்த நாளில், எந்த ரயிலில், எந்த ஸ்டேசனிலிருந்து போனான் என்ற விவரம் பெரும்பாலான குடும்பங்களுக்கு இன்றுவரை கிடைக்கவில்லை. இரும்புக்கு எண் இருந்தது. அதற்குள் இருந்தவர்களை எழுதி வைக்க ஆளில்லை, எழுதியிருந்தால் அது நம் கைக்கு வரவில்லை.

எந்தப் பழைய பதிவேட்டில் எந்த ரயிலின் எண் இருக்கும் என்று நமக்குத் தெரியாது. அதனால்தான் ஒரு பெட்டித் தாள் லோரியில் போனது எனக்குத் தாங்கவில்லை.

பையனுக்கு இதையெல்லாம் சொல்லவில்லை. 26, 27 வரை சொன்னேன், மிச்சம் வளர்ந்த பிறகு படிக்கட்டும். அவன் இப்போது காப்பார் ரயில்களுக்கு அவனே ஒரு எண் முறை போட்டுக்கொண்டிருக்கிறான். துறைமுகத்தை நோக்கிப் போவதெல்லாம் ஒற்றைப்படையாம், கோம்பாக் பக்கம் போவது இரட்டைப்படையாம், சரக்கு ரயிலுக்கு முன்னால் ஏழு. நல்ல முறைதான். ரயில்காரர்கள் கேட்டால் கொடுக்கலாம்.

உங்களிடம் கேட்பது ஒன்று. பிரிக்பீல்ட்ஸ், செந்தூல், கிள்ளான், கிமாஸ், எங்கே இருந்தாலும் சரி. வீட்டில் தாத்தாவோ அப்பாவோ ரயில்வேயில் வேலை பார்த்திருந்தால் அலமாரியின் மேல் தட்டையும் கட்டிலுக்கு அடியில் கிடக்கும் தகரப் பெட்டியையும் இந்த வாரமே திறந்து பாருங்கள். கார்டின் குறிப்பேடு, பணியாளர் கால அட்டவணை, ரயில் பதிவேடு, சம்பளச் சீட்டு, பாஸ், எதுவானாலும் எடுத்து வையுங்கள். கறையான் அரித்திருந்தாலும் பரவாயில்லை. கைப்பேசியில் பக்கம் பக்கமாகப் படம் எடுங்கள், ஓரத்தை வெட்டாமல் எடுங்கள். மூலத்தை வைத்திருக்க இடமில்லை என்றால், கோலாலம்பூர் ஜாலான் துவாங்கு அப்துல் ஹாலிமில் தேசிய ஆவணக் காப்பகம் இருக்கிறது. தனியாரிடம் உள்ள ஆவணங்களையும் வாங்கிப் பாதுகாக்கிறார்கள். அங்கே கொண்டு போய்க் கொடுங்கள். வழி தெரியாவிட்டால் இந்தப் பத்திரிகை முகவரிக்கு எனக்கு ஒரு வரி எழுதுங்கள், நானே கூட வருகிறேன். பேப்பர் லோரிக்கு மட்டும் போடாதீர்கள்.